ஆறு சுற்று

அந்த வீட்டுக்கு முதன்முதல் போன நாளில் பயப்படுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை, பிந்திப் போகிறேனே என்ற பயத்தைத் தவிர.

ரெய்னர்ஸ் லேன் ஸ்டேஷனிலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. ஒரே அச்சில் வார்த்தது போன்ற வீடுகள். நான் தேடிப் போன வீட்டில் மட்டும் ஜன்னலுக்கு இன்னும் பழைய மரச்சட்டம். வாசலில் மூன்று குப்பைத் தொட்டிகள். கதவோரம், சாவி வைக்கிற சின்ன இரும்புப் பெட்டி. எண்ணை அழுத்தினால் திறக்கும். பெப்ரவரிக் குளிரில் விரல் மரத்துப்போய் இரண்டு தரம் பிழையாக அழுத்தினேன்.

என் பெயர் யோகராஜா. வயது ஐம்பத்தெட்டு. வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் கழுவி, உடுத்தி, தேத்தண்ணி கொடுப்பது என் வேலை. இங்கிலீசுக்காரருக்கு என் முழுப்பெயர் வாயில் நுழையாது, யோகா என்பார்கள். என் வயிற்றைக் கண்ட பிறகும் அப்படியே கூப்பிடுகிறார்கள். அது அவர்களுடைய பெருந்தன்மை.

எங்கள் ஏஜென்சியில் ஷிப்ட் பிரித்துத் தருபவள் சுப்ரியா, கோயம்புத்தூர்ப் பிள்ளை. நூற்றிரண்டு வயதுக் கிழவர், எழும்பி நடக்க மாட்டார், சாதுவான மனிதர் என்று சொல்லித்தான் அனுப்பினாள். மூன்றரைக்குப் போய் நாலு மணிக்குள் வெளியே வந்துவிடுங்கள் அங்கிள் என்று இரண்டு தரம் சொன்னாள். எனக்குக் கால்வலி என்று தெரிந்து கரிசனைப்படுகிறாள் என நினைத்துக்கொண்டேன். என்னைப் பற்றி நல்லதாக நினைத்துக்கொள்வதில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை.

கதவைத் திறந்ததும் முகத்தில் வெக்கை அடித்தது.

ஹீட்டரைக் கூட்டி வைத்துவிட்டார்களாக்கும் என்று நடையில் இருந்த ரேடியேட்டரைத் தொட்டேன். ஐஸ் போலக் குளிர்ந்தது. ஜன்னலின் வெளிப்புறத்தில் உறைபனி பூத்திருந்தது. உள்ளே என் சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு மணமும் வந்தது. பழைய பெற்றோல் மணம், அதற்கடியில் பெயின்ற் கருகுகிற மணம்.

முன்னறையில் கவுன்சில் கொடுத்த ஆஸ்பத்திரிக் கட்டில். சில்லு உருளுவதற்காகக் கம்பளத்தைக் கழற்றி எடுத்திருந்தார்கள். வெறும் பலகைத் தரை. கட்டிலில் லெனர்ட். உடம்பென்று பெரிதாக ஒன்றுமில்லை, போர்வையை மடித்து வைத்ததுபோல. கண் மட்டும் இருபது வயதுக்காரனுடையது.

அவர் பேசியது இங்கிலீசு. நான் இங்கே என் தமிழில் சொல்லுகிறேன். கிழவர் கொஞ்சம் என் ஊர்ச் சாவகச்சேரிக்காரர் போலத் தெரிந்தால் பிழை என்னுடையது.

"நேரம் என்ன?" என்றார். வணக்கம் இல்லை, நீ யார் இல்லை.

நாலு மணி என்றேன். முகம் கழுவிவிட்டேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையின் விளிம்பில் ஓர் ஈ வந்து குந்தியது. லண்டனில், பெப்ரவரியில், ஈ. கையால் விரட்டினேன். போகவில்லை. இந்த நாட்டு ஈக்கள் விரட்டினால் போகும். இது எங்கேயோ பிடிவாதமான இடத்தில் பிறந்த ஈ.

நாலு பத்து.

கட்டிலின் கால்மாட்டில், தரைக்கு அடியில், யாரோ தட்டினார்கள்.

மூன்று தட்டு. இடைவெளி. மூன்று தட்டு.

மரத்தில் தட்டுகிற சத்தமில்லை. இரும்பில் இரும்பு படுகிற சத்தம். இந்தப் பக்கத்து வீடுகளில் நிலவறை கிடையாது. பலகைக்குக் கீழே ஒரு முழம் வெறும் வெளி, அதற்குக் கீழே மண். பூனை புகுந்தாலே நிமிர ஏலாது.

லெனர்ட் கூரையைப் பார்த்தபடி, மிக மெதுவாக, பழகிப்போன குரலில் சொன்னார்: "வாறன் வில்ஃப். இந்தா வாறன்."

தட்டுவது நின்றது. வெக்கை மெல்ல மெல்ல இறங்கியது. தண்ணிக் குழாய்ச் சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று, எந்த வீட்டிலும் சொல்வதுபோல, போயிட்டு வாறன் ஐயா என்பதை இங்கிலீசில் சொன்னேன்.

அந்த உடம்பில் அவ்வளவு பலம் இருக்குமென்று நான் நினைக்கவில்லை. தலையணையிலிருந்து எழும்பிவிட்டார். "அதை இந்த வீட்டிலை சொல்லாதையும். போறன் எண்டு சொல்லும். போறதெண்டால் போறன் எண்டு சொல்லும்."

எங்கள் ஆட்களுக்குத் தெரியும், அது மட்டும் வாயில் வராது. ஒரு வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது 'போறன்' என்று வெறுமையாகச் சொன்னால், தாய் வயிற்றில் நெருப்பைக் கட்டிய மாதிரி. சந்தைக்குப் போனாலும் சந்திரனுக்குப் போனாலும் போயிட்டு வாறன்தான். இவருக்கோ 'வாறன்' என்ற சொல் காதில் விழக் கூடாது. நாங்கள் இரண்டுபேரும் ஐந்து நிமிடம் இதற்காகப் பிணக்குப்பட்டோம், சர்வதேச மாநாடு மாதிரி. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம்: நான் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவது.

ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போவது எங்கள் ஆட்கள் செத்தவீட்டில் மட்டும் செய்கிற காரியம். அங்கே போயிட்டு வாறன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் சாவு பின்னாலே வரும் என்பார்கள். அதை அவருக்கு நான் விளக்கவில்லை.

வெளியே வந்து சுப்ரியாவுக்குப் போன் எடுத்தேன். எனக்கு முன் நாலு பேர் அந்த வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள். ஒருத்தி செருப்பைக்கூட எடுக்கவில்லையாம். ஏன் பிள்ளை முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீங்க போயிருப்பீங்களா அங்கிள்?" என்றாள்.

நியாயமான கேள்விதான். அதனாலேயே கோபம் வந்தது.

ஆனாலும் போனேன். வீரம் என்று நினைக்க வேண்டாம். வேறு யாரும் போக மாட்டார்கள், கிழவர் தேத்தண்ணியில்லாமல் கிடப்பார் என்ற நினைப்பு என்னை விடவில்லை. நாலு மணிக்குள் வெளியே வந்துவிடலாம் என்றுதான் முதல் திட்டம். இரண்டாம் நாள் வந்துவிட்டேன். மூன்றாம் நாள் அவர் ஒன்றும் கேட்கவில்லை, மணிக்கூட்டை மட்டும் பார்த்தார். அன்றிலிருந்து நாலு பத்து தாண்டும் வரை இருந்தேன்.

தட்டுவது ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நீண்டது. முதல் வாரம் இரண்டு தரம். அடுத்த வாரம் பத்துத் தரம். அவர் 'வாறன், வாறன்' என்பார், நிற்கும், மீண்டும் தொடங்கும். கால்மாட்டில் இரண்டு பலகை, தோசைக்கல் போலச் சுட்டது. நான் அதை மிதிக்காமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். மனிதன் எதற்கும் பழகுவான். நான் முன்பு ஒரு கடையில் மீன் வெட்டியவன்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள், சீனிக்கட்டிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். சாப்பாட்டுத் தட்டின் மேல் பன்னிரண்டு கட்டிகளை அடுக்கினார். எதிரே மார்மலேட் போத்தலைப் படுக்க வைத்தார்.

"இது நாங்கள். பன்னிரண்டு டாங்கி. அது மேடு," என்றார்.

தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டு, ஜூன் மாதம், லிபியாப் பாலைவனம். அவருக்கு இருபத்தொரு வயது. டாங்கியின் பீரங்கியை இயக்குகிறவர். ஜேர்மன்காரரின் டாங்கிகள் இவர்களைக் கண்டதும் திரும்பி ஓடினவாம். இவர்கள் துரத்தினார்கள். அவை பயந்து ஓடவில்லை, கூட்டிக்கொண்டு போயின. மேட்டுக்குப் பின்னால் டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்தன, குழல் மட்டும் நிலமட்டத்தில். அவற்றின் குண்டு ஒரு மைல் தாண்டி வந்து உருக்குத் தகட்டைக் கிழிக்கும். இவர்களுடையது அரை மைல் போனால் பெரிய காரியம்.

"பீரங்கி நிக்குதெண்டு காலமையே ஒரு வேவுக்காரன் சொன்னவன். பின்னுக்கு ஒரு கூடாரத்திலை, மேசையும் வரைபடமும் வைச்சுக்கொண்டிருந்த ஆக்களுக்குத் தெரியும். எங்களுக்கு வயர்லெஸ்ஸிலை ஒரு குரல் வந்தது. மேடு வெறுமை, போங்கோ எண்டு."

ஒரு சீனிக்கட்டியை எடுத்துத் தேத்தண்ணிக்குள் போட்டார். டொப் என்றது.

"இது ஹாரி."

இன்னொன்று. "இது எங்கடை லெப்டினன்ட். இருபது வயசு. அண்டைக்குக் காலமைதான் தாய் அனுப்பின கேக் வந்தது. வெட்டேல்லை."

டொப். டொப். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்ததாம். தட்டில் மூன்று கட்டிகள் மிஞ்சின. ஒன்பது டாங்கிகள் கரைந்த தேத்தண்ணியை அவர் என்னிடம் நீட்டினார். எனக்கு நீரிழிவு. என்றாலும் வாங்கிக் குடித்தேன். வேண்டாமென்று சொல்ல முடியவில்லை. சீனி தெரியவில்லை, பெற்றோல்தான் தெரிந்தது.

"பின்னுக்கிருந்த அந்தக் குரலைப் பற்றி எண்பது வருசமா எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்," என்றார். "பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கும் சொல்லியிருக்கிறன். எங்களைக் காட்டிக்குடுத்தவங்கள் எண்டு. அது உண்மை. ஆனால் கைச்சக்கரத்தைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

அவர் சொன்னதை நான் இன்றுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. அந்தக் காலத்து டாங்கியில் ஓட்டுகிறவன் முன்னுக்குக் கீழே படுத்த மாதிரி இருப்பான். அவன் தலைக்கு மேல் ஓர் இரும்பு மூடி. மேலே பீரங்கிக் கூடு ஒரு பக்கமாகத் திரும்பி நின்றால், குழல் அந்த மூடியை மறித்துக்கொள்ளும், திறக்காது. லெனர்ட்டின் டாங்கிக்குச் சங்கிலியில் அடி விழுந்தது, நின்றது. கூடு வலப்பக்கம் திரும்பியிருந்தது. லெப்டினன்ட் தலையில்லாமல் இருந்தார். கீழே வில்ஃப், ஓட்டுகிறவன். மூடியை ஸ்பானரால் தட்டினான். மூன்று தட்டு.

"கைச்சக்கரத்தை ஆறு சுற்றுச் சுற்றினால் குழல் விலகும். ஆறே ஆறு. வாறன் வில்ஃப், இந்தா வாறன் எண்டு சொல்லிப்போட்டு மேலாலை ஏறிக் குதிச்சன்."

"நெருப்பு வந்திட்டுதோ ஐயா?" என்று கேட்டேன். வந்துவிட்டது என்று அவர் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

"இல்லை. நாலு நிமிசத்துக்குப் பிறகுதான் பத்தினது. நான் ஒரு குழிக்குள்ளை கிடந்து கேட்டுக்கொண்டிருந்தன். தட்டினவன்."

அந்த ஈ மார்மலேட் போத்தலின் மேல் நடந்தது.

"அவன் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் மேலை வாறான், யோகா. ஒருநாளைக்கு வந்து சேருவான். அண்டைக்கு நீர் இதிலை இரும். வேறை ஒண்டும் வேண்டாம். கையைப் பிடிச்சுக்கொண்டு இரும். எனக்கு முதல் எழும்பி ஓடாதையும்."

"இருப்பன் ஐயா," என்றேன்.

யோசித்துத்தான் சொன்னேன். தொண்ணூற்றைந்தில் இந்த நாட்டுக்கு வருகிற வழியில், மொஸ்கோவில் ஒரு மாடிவீட்டில் எங்கள் பதினொரு பேரையும் ஆள் கடத்துகிற ஏஜென்ற் பூட்டி வைத்தான். பின்னேரம் வாறன், வெளிக்கிட்டு நில்லுங்கோ என்றான். சப்பாத்துப் போட்டபடி பத்தொன்பது நாள் இருந்தோம். நாலாவது நாளுக்குப் பிறகு வரமாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். என்றாலும் ஒருவரும் சப்பாத்தைக் கழற்றவில்லை. வருகிறேன் என்று சொல்லி வராதவனை விடக் கெட்ட மனிதன் இல்லை என்று அன்றைக்கு முடிவு செய்தவன் நான். அந்த முடிவில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

மார்ச் மாதத்து வியாழக்கிழமை அது.

கதவைத் திறக்கும்போதே கைப்பிடி சுட்டது. முன்னறையில் மூச்சு எடுக்க ஏலவில்லை. லெனர்ட்டின் உதடு வெடித்திருந்தது. தண்ணி பருக்கினேன், கோப்பையில் தண்ணி கொதித்துவிடுமோ என்று இருந்தது. மணி நாலு. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண், பிள்ளைத் தள்ளுவண்டியோடு, ஆலங்கட்டி மழையில் ஓடினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் வியர்வையில் தொப்பலாக இருந்தேன்.

கதிரையை இழுத்துப்போட்டு அவருடைய கையைப் பிடித்தேன்.

நாலு பத்து.

தட்டு.

மூன்றோடு நிற்கவில்லை. இடைவெளியும் இல்லை. கையாலும் காலாலும் உதைக்கிற சத்தம். கட்டிலின் இரும்புச் சட்டம் கிணுகிணுத்தது. லெனர்ட் 'வாறன், வாறன்' என்றார். அது அன்றைக்கு எடுபடவில்லை.

பிறகு சத்தம் முற்றாக நின்றது.

நான் தரையைப் பார்த்தேன்.

கால்மாட்டுப் பலகையில் ஓர் ஆணி மேலே வந்துகொண்டிருந்தது.

மெதுவாக. யாரோ அடியிலிருந்து விரலால் தள்ளுவதுபோல. முழுதாக வெளியே வந்து, சாய்ந்து, உருண்டு, என் சப்பாத்தில் முட்டி நின்றது.

இரண்டாவது ஆணி.

பலகையின் இடுக்கு வழியாக இருமல் கேட்டது. புகை குடித்த ஓர் இளம் பொடியனின் இருமல்.

லெனர்ட் என் மணிக்கட்டை இறுக்கினார். "இரும்," என்றார். "யோகா. இரும்."

மூன்றாவது ஆணி தலை காட்டியது.

நான் எழும்பினேன். இல்லை, என் கால்கள் எழும்பின. நான் பின்னால் போனேன் என்று பகிடியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மை அதுவல்ல. நான்தான் எழும்பினேன். எழும்பியது மட்டுமில்லை, வாயையும் திறந்தேன்.

"ஐயா, ஆரையும் கூப்பிட்டுக்கொண்டு இந்தா வாறன்."

அவர் கத்தவில்லை. என்னைப் பார்த்தார். பிறகு மெல்ல என் மணிக்கட்டை விட்டார், விரல் விரலாக. அந்த வசனத்தை அவரளவுக்குத் தெரிந்தவர் உலகத்தில் வேறு யார்?

கதவைச் சாத்திவிட்டு ஸ்டேஷன் வரை ஓடினேன். ஐம்பத்தெட்டு வயதில், இந்த வயிற்றோடு, ஆலங்கட்டி மழையில். கடைவாசலில் நின்று மூச்சு வாங்கும்போது போன் அடித்தது. சுப்ரியா. இரவு கிழவரைப் படுக்க வைக்கிற பெண்ணுக்குக் காய்ச்சலாம்.

"தாத்தா ஓகேவா அங்கிள்? இல்லைன்னா நானே ஒரு எட்டு போயிட்டு வர்றேன். எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல."

அவள் போனால் நான் விட்டு ஓடியது தெரிந்துவிடும். அந்த நேரத்தில் என் தலையில் ஓடியது அது ஒன்றுதான்.

"நல்லா இருக்கிறார் பிள்ளை. நல்ல நித்திரை. ஆரும் போகத் தேவையில்லை," என்றேன். போனில் இருந்த பதிவேட்டிலும் எழுதினேன்: தேத்தண்ணி குடித்தார், வசதியாக இருக்கிறார்.

கூடாரத்திலிருந்து மேடு வெறுமை என்று சொன்ன மனிதனும் இப்படி ஒரு சாதாரண குரலில்தான் சொல்லியிருப்பான்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு நானே போனேன். வீடு குளிர்ந்து கிடந்தது. முதல் தடவையாக, பெப்ரவரி மார்ச்சில் ஒரு வீடு எப்படிக் குளிருமோ அப்படி. ஒரு மணமும் இல்லை.

இரண்டு வருடமாக எழும்பி நடக்காத மனிதர் கட்டிலில் இல்லை. கால்மாட்டுத் தரையில் குப்புறக் கிடந்தார். ஒரு பலகை கழன்று, ஒழுங்காக, சுவரோடு சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்தத் திறப்புக்குள் அவருடைய வலக்கை தோள்வரை இறங்கியிருந்தது. அம்புலன்ஸ்காரர் வந்து திருப்பியபோது உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். ஹீட்டர்க் குழாயில் பட்டிருக்கும் என்றார்கள். நான் குனிந்து தொட்டுப் பார்த்தேன். அந்த இடத்தில் குழாயே இல்லை. மண், தூசி, நாலு ஆணிகள்.

அவருடைய முகத்தில் பயம் இருக்கவில்லை. பாரமான ஒருவனைக் கிணற்றிலிருந்து மேலே தூக்கிவிட்டவனின் களைப்பு இருந்தது. போய்விட்டார், கடைசியில். எண்பத்தொரு வருடம் பிந்தி, யாரும் கையைப் பிடிக்காமல், தனியாக ஊர்ந்து போய் அந்த ஆறு சுற்றையும் சுற்றியிருக்கிறார். என்னை நம்பியிருந்தால் அதுவும் நடந்திராது என்று நினைத்து நான் ஆறுதல்பட முயன்றேன். அழுகைதான் வந்தது. அம்புலன்ஸ்காரர் பேப்பர்த் துவாய் எடுத்துத் தந்தார்.

அவர்கள் படிவம் நிரப்பப் போனார்கள். உடம்பைக் கட்டிலில் கிடத்திப் போர்த்தியிருந்தார்கள். நான் அந்தப் போர்வையை ஒருக்கால் இழுத்துச் சரி செய்தேன். கால் வெளியே தெரிந்தால் குளிரும் என்று ஒரு மடத்தனம். ஜாக்கெற்றை எடுத்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன்.

சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம். வாய் தானாகத் திறந்தது.

"சரி ஐயா, போயிட்டு வாறன்."

சொல்லி முடிந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. செத்தவீட்டில். செத்தவரின் முகத்துக்கு நேரே. நான் விட்டு ஓடிய மனிதருக்கு.

அறைக்குள் ஒன்றும் அசையவில்லை. கீழே, திறந்து கிடந்த பலகை இடுக்குக்குள், மிக மெதுவாக ஒரு சத்தம். இரும்புச் சத்தமில்லை.

ஒரு கிழவரின் உள்ளங்கை மண்ணில் தட்டுகிற சத்தம்.

சரி என்பதுபோல.

வீட்டுக்கு வந்து றூபினியிடம் மட்டும் சொன்னேன். என் மனைவி சுப்பர்மார்க்கெற்றில் காசு வாங்குகிற வேலை. எதற்கும் லேசில் அசைய மாட்டாள். ஓடியதைக் கேட்டபடி கறியைக் கிளறிக்கொண்டிருந்தாள். போயிட்டு வாறன் என்று சொன்னதைக் கேட்டதும் கையில் இருந்த கரண்டியை வைத்தாள்.

"என்னப்பா, அவர் உங்களை நம்பிக்கொண்டெல்லே இருப்பார்," என்றாள்.

அதன் பிறகு பின்னேர ஷிப்ட் எடுப்பதில்லை என்று சுப்ரியாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அந்தப் பதிவேட்டை அவளும் வாசித்திருப்பாள். இப்போது ஒவ்வொரு நாளும் மதியத்தோடு ரயில் ஏறி இல்ஃபோர்ட்டில் மச்சானின் கடைக்குப் போகிறேன். ஏழு மணி வரை மரக்கறி நிறுக்கிறேன். நாலு பத்துக்கு என்னைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று முருங்கைக்காய் ஏன் இந்த விலை என்று ஏச வேண்டும். ஏசுகிறார்கள். நல்ல சனம்.

ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரல் போனது. மனப் பாரம் கால்வாசி குறைந்ததுபோல இருந்தது. ஒரு மனிதனை ஏமாற்றிவிட்டும் ஆள் நன்றாகச் சாப்பிடலாம், நித்திரை கொள்ளலாம் என்று கண்டுபிடித்தேன். அந்தக் கண்டுபிடிப்பு அவ்வளவு சந்தோசமாக இல்லை.

போன சனிக்கிழமை கடையை நேரத்தோடு பூட்டிவிட்டார்கள். றூபினி வழக்கம்போல வேலையில் நின்றாள். நான் மூன்றே முக்காலுக்கு ரயிலால் இறங்கி வீட்டுக்கு வந்தேன். எங்களுடையது முதல் மாடி பிளாற். அடியில் ஸ்ரீஸ்கந்தராஜா அண்ணை, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற மனிதர். நாள் முழுக்க வீட்டில்தான். நான் படியில் கால் வைக்க, அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முகத்தில் ஒரு கூச்சம்.

"தம்பி, குறை நினையாதையும். பின்னேரத்திலை உம்மடை வீட்டிலை ஆரும் வந்து நிக்கினமோ?"

ஒருவரும் இல்லை என்றேன். ஏன் அண்ணை?

"இல்லை... நாலு மணி கழிய என்ரை முகட்டுக்கும் உம்மடை தரைக்கும் நடுவிலை ஆரோ தட்டினம். பலமில்லை. வயசுபோன ஆள் தட்டுற மாதிரி, மெல்ல, கையாலை. கனநாளாய் நடக்குது. குழாய்ச் சத்தமெண்டு விட்டிட்டன்."

என் கை படிக்கட்டின் கம்பியைத் தேடியது.

"தட்டுறதைப் பற்றி நான் கதைக்க வரேல்லை," என்றார். "நீர் மறுமொழி சொல்லுறீர் பாரும். அதுதான் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கு."

"நானோ?"

"வேறை ஆர்? வாறன் ஐயா, இந்தா வாறன் எண்டு. ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம். நேற்றும் சொன்னீர். நான் கோபத்திலை கேக்கேல்லை, தம்பி." அவர் குரலைத் தாழ்த்தினார். "அந்த மனிசன் பாவம். எவ்வளவு நேரம் தட்டும்? ஒருக்கால் போய்ப் பாக்கிறதுதானே?"

நேற்று நாலு பத்துக்கு நான் இல்ஃபோர்ட்டில் கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் சொல்ல வாயைத் திறந்தேன்.

அவருடைய வீட்டு மணிக்கூடு, திறந்த கதவுக்கூடாக, நாலு எட்டைக் காட்டியது.

மேலே, பூட்டிக் கிடந்த என் வீட்டுக்குள், பேசுவதற்கு முன் ஒருவர் தொண்டையைச் செருமினார்.

என்னுடைய செருமல்.